கச்சான் காலத்துக் காபனீரொட்சைட்டு: முல்லைத்தீவு மீன் குளிரறை ஒன்றுக்கான மெய் வாயு உருவகப்படுத்தல்

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், கரைக்கு வரும் மீனை லொறி வந்து ஏற்றும்வரை பூச்சியப் பாகையை அண்டி வைத்திருக்கச் சிறிய குளிரறை ஒன்றை அமைக்கத் தீர்மானித்திருந்தது. இதுவரை மீன் ஐஸ் கொட்டிய றெஜிபோம் பெட்டிகளிலேயே பரந்தன் வீதி வழியாக வெளியே சென்றது. ஐஸ் கரைய விலையும் கரைந்தது. குளிரறைக்கு விலைமனு அளித்த வழங்குநர் ஒருவர் குளிரூட்டும் பாய்மமாகக் காபனீரொட்சைட்டை, அதாவது குளிரூட்டல் தொழிலில் ஆர்-744 எனப்படுவதை, முன்மொழிந்ததுடன், வெளிப்புற வாயுக் குளிர்விப்பானின், அதாவது அமுக்கியிலிருந்து வரும் சூடான பாய்மத்தின் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு விடும் குழாய்த்தொகுதியின், வெப்பப் பரிமாற்றத்தைக் காட்டும் கணினி உருவகப்படுத்தல் கோப்பு ஒன்றையும் இணைத்திருந்தார். அந்தக் கோப்பை மீளாய்வு செய்யும் பணி கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள எமது சிறு குழுவிடம் வந்தது.

சங்கத் தலைவர் எம்மிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "தம்பி, கச்சான் அடிக்கிற நாளில உந்த மெசின் தாங்குமோ?" இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கேள்விக்கான விடையைத் தேடியதே. மேற்கிலிருந்து வன்னியின் காட்டையும் காய்ந்த வயலையும் கடந்து வரும் கச்சான் காற்று கடற்கரையை அடையும்போது வெப்பமாகவும் வறட்சியாகவும் இருக்கும். அந்நாட்களில் நண்பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியசை எட்டுவது இங்கு புதுமையன்று. காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலையோ, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாக ஒடுங்காத வெப்பநிலையோ, 30.98 பாகை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான நான்கு பாகை இடைவெளியில்தான் சிக்கலின் முழு வேரும் இருக்கிறது.

தோமஸ் அன்ட்றூஸ் 1869 இல் பெல்பாஸ்ற் நகரில் காபனீரொட்சைட்டைக் கண்ணாடிக் குழாயில் அமுக்கி, ஏறத்தாழ 31 பாகைக்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் திரவமும் வாயுவும் பிரிந்து நிற்கும் எல்லைக்கோடு தோன்றாது என்று காட்டினார். அந்த நிலையை அடைய அவர் குழாயைச் சுற்றி வெதுநீரைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. வன்னியில் கோடை நாளொன்றின் வெயிலே அதற்குப் போதுமானது. குளிர்நாடுகளில் வருடத்தின் பெரும்பகுதி திரவமாக ஒடுங்கும் அதே பாய்மம், இங்கே கோடைப் பகலில் வெளிக்காற்றினால் குளிர்விக்கப்படும்போது திரவமாக ஒடுங்குவதே இல்லை. அவதி அமுக்கமான 7.377 மெகாபஸ்காலுக்கு மேல், வாயு என்றோ திரவம் என்றோ பிரித்துச் சொல்ல முடியாத அடர்ந்த பாய்மமாகவே குழாய்க்குள் ஓடுகிறது. ஆகவேதான் அந்த உறுப்பு ஒடுக்கி எனப்படாமல் வாயுக் குளிர்விப்பான் எனப்படுகிறது.

கிடைத்த கோப்பில் என்ன இருந்தது

அக்கோப்பு ஓப்பன்ஃபோம் என்ற திறந்தமூல மென்பொருளில் தயாரிக்கப்பட்டிருந்தது. குழாயின் வடிவம் கவனமாக வரையப்பட்டிருந்தது. கணிப்புக்காகப் பாய்மவெளியைப் பிரிக்கும் சிறு கூறுகளில், சுவரை ஒட்டிய வலைக்கலங்கள் போதிய அளவு மெல்லியவையாக இருந்தன. சமன்பாடுகளில் எஞ்சும் பிழைகளான எச்சங்கள் யாவும் ஒழுங்காகக் கீழிறங்கி ஒருங்கியிருந்தன. வெப்பநிலைப் படமும் பார்வைக்கு அழகாக, சிவப்பிலிருந்து நீலத்துக்கு எங்கும் தடங்கலின்றி மாறியது. ஆனால் பாய்மத்தின் இயல்புகளை வரையறுக்கும் கோப்பைத் திறந்தபோது, அமுக்கம், வெப்பநிலை, அடர்த்தி ஆகியவற்றை இணைக்கும் நிலைச் சமன்பாடாக இலட்சிய வாயுச் சமன்பாடும், தன்வெப்பக் கொள்ளளவாகக் கிலோகிராமுக்கு ஒரு பாகைக்கு 0.846 கிலோஜூல் என்ற ஒற்றை மாறிலியும் கொடுக்கப்பட்டிருந்தன. சாதாரண அமுக்கத்தில், அறை வெப்பநிலையில், அந்த மாறிலி முற்றிலும் சரியானது. 10 மெகாபஸ்காலில் அது வேறொரு பொருளின் இயல்பு என்றே சொல்ல வேண்டும்.

இதை எண்களில் பார்த்தால்தான் பிழையின் பருமன் விளங்கும். 10 மெகாபஸ்கால் அமுக்கத்தில் 100 பாகையில் அமுக்கியை விட்டு வெளியேறும் காபனீரொட்சைட்டின் அடர்த்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ 189 கிலோகிராம்; இலட்சிய வாயுச் சமன்பாடு தருவது 142. இந்த வேறுபாட்டைப் பெரிது என்று சொன்னாலும், பொறியியலாளர் ஒருவர் இன்னும் சமாளிக்கக்கூடிய அளவே. அதே அமுக்கத்தில் 40 பாகைக்குக் குளிர்ந்ததும் உண்மை அடர்த்தி 629 ஆகிறது. இலட்சியச் சமன்பாடு 169 என்கிறது. அதாவது குழாயின் நுழைவாயிலில் நான்கில் ஒரு பங்கு தவறிய கணக்கு, வெளிவாயிலில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே கண்டுகொள்கிறது. அடர்த்தி குறைவாகக் கணிக்கப்பட்டதால் வேகம் அதே விகிதத்தில் கூடிவிட, உராய்வினால் ஏற்படும் அமுக்க இழப்பும் உள்ளதைவிடப் பன்மடங்காகக் காட்டப்பட்டிருந்தது.

வெப்பக் கணக்கில் பிழை எதிர்த்திசையில் சென்றது. 10 மெகாபஸ்காலில் 100 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டைக் குளிர்விக்க ஏறத்தாழ 180 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். மாறாத தன்வெப்பக் கொள்ளளவுடன் கணக்கிட்டால் அது 51 கிலோஜூல் மட்டுமே. எனவே அந்தக் கோப்பின்படி பாய்மம் குழாயின் முற்பகுதியிலேயே வெளிக்காற்றின் வெப்பநிலையை அண்மித்துவிட்டது. எஞ்சிய நீளம் தேவையற்றது போலத் தோன்றியது. அதை நம்பிக் குழாயின் நீளம் குறைக்கப்பட்டிருந்தால், கச்சான் நாளில் குளிரறை குளிர்ந்திருக்காது.

இவற்றைவிட அடிப்படையான குறை ஒன்று இருந்தது. இலட்சிய வாயுவின் வெப்பவுள்ளுறை (என்தல்பி, அதாவது ஓடும் பாய்மம் தன்னோடு கொண்டுசெல்லும் வெப்பச் சக்தியின் அளவு) வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. அமுக்கத்தைச் சார்ந்ததே அல்ல. அத்தகைய வாயு ஒன்றை விரிவு வால்வினூடாகச் செலுத்தினால் அதன் வெப்பநிலை மாறாது. ஆகவே அந்த மாதிரியை வால்வு வரை நீட்டிப் பார்த்தால், அங்கே குளிர்ச்சி என்ற விளைவே தோன்றாது. 1852 இல் ஜூலும் தொம்சனும் அளந்து காட்டிய அந்தக் குளிர்ச்சி, மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு உண்டு என்பதால் வருவது. இலட்சிய வாயுவில் அந்த ஈர்ப்புக்கு இடமில்லை. குளிரூட்டி ஒன்றை, குளிரூட்டவே முடியாத ஒரு பாய்மத்தைக் கொண்டு வடிவமைக்க முற்பட்ட கோப்பு அது.

எந்த நிலைச் சமன்பாடு

வான் டெர் வால்ஸ் 1873 இல் மூலக்கூறுகளின் ஈர்ப்பையும் பருமனையும் சேர்த்து எழுதிய சமன்பாட்டை எமது உயர்தர மாணவர்கள் இரசாயனவியல் பாடத்தில் படிக்கிறார்கள். அதன் வழியில் வந்த ரெட்லிக்–குவோங் சமன்பாடு 1949 இலும், சோவே செய்த திருத்தம் 1972 இலும், பெங்–ரொபின்சன் சமன்பாடு 1976 இலும் வெளிவந்தன. இவை யாவும் கனவளவுக்கு முப்படிச் சமன்பாடுகள், கணிப்பதற்கு மலிவானவை, இன்றைய பாய்ம இயக்கவியல் மென்பொருள்கள் பலவற்றில் ஒரு வரியை மாற்றினாலே இயக்கத்துக்கு வருபவை. ஓப்பன்ஃபோமிலும் பெங்–ரொபின்சன் உள்ளமைந்தே வருகிறது. எனவே அதையே முதலில் சோதித்தோம்.

அது இலட்சிய வாயுவைவிட மிகப் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. 10 மெகாபஸ்காலில் 100 பாகையில் அதன் அடர்த்திப் பிழை ஏறத்தாழ ஒரு சதவீதம் மட்டுமே. ஆனால் 40 பாகையில் அது தரும் அடர்த்தி ஏறத்தாழ 564, உண்மை 629. பத்தில் ஒரு பங்கு குறைவு. 35 பாகையிலும் பிழை ஏறத்தாழ அதே அளவில் தொடர்கிறது. இதற்குக் காரணம் சமன்பாட்டின் அமைப்பிலேயே உள்ளது: அவதிப் புள்ளியில் அமுக்கப்படுதகவுக் காரணி (இலட்சிய வாயுவுக்கு ஒன்றாக இருந்து, அதிலிருந்தான விலகலைக் காட்டும் எண்) எல்லாப் பொருள்களுக்கும் 0.307 என்று அது கட்டாயப்படுத்துகிறது. காபனீரொட்சைட்டின் உண்மைப் பெறுமானம் 0.274. அவதிப் புள்ளிக்குத் தொலைவில் இந்த முரண்பாடு மறைந்துவிடும். எமது குழாயின் வெளிவாயிலோ அந்தப் புள்ளியின் அயலிலேயே கிடக்கிறது. ஆகவே, எரிவாயுக் குழாய்வழிகளுக்கும் உயர் வெப்பநிலை விசையாழிகளுக்கும் பெங்–ரொபின்சனைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வன்னி வெயிலில் காற்றினால் குளிர்விக்கப்படும் காபனீரொட்சைட்டுக்கு அதை இறுதி விடையாக ஏற்கமாட்டேன்.

காபனீரொட்சைட்டுக்கென்றே ஸ்பானும் வாக்னரும் 1996 இல் வெளியிட்ட நிலைச் சமன்பாடு இன்று பொது அளவுகோலாக உள்ளது. 30 மெகாபஸ்கால் வரையும் 523 கெல்வின் வரையும் அடர்த்தியில் அதன் நிச்சயமின்மை 0.03 முதல் 0.05 சதவீதம் வரையே. ஆனால் அது நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்புகளைக் கொண்ட நீண்ட கோவை. இலட்சக்கணக்கான கலங்களில், ஒவ்வொரு மீள்செய்கையிலும், அதை நேரடியாகத் தீர்ப்பது எமது கணினிகளுக்குக் கட்டுப்படியாகாது. எனவே கூல்ப்ராப் என்ற திறந்தமூல இயல்பு நூலகத்தைக் கொண்டு அதன் பெறுமானங்களை முற்கூட்டியே கணித்து அட்டவணையாக்கி, உருவகப்படுத்தலின்போது அந்த அட்டவணையிலிருந்து வாசிக்கும் வழியைத் தெரிந்தோம். அட்டவணையை எப்படி அமைப்பது என்பதிலேயே இந்த ஆய்வின் உழைப்பில் பெரும்பகுதி சென்றது.

வெப்பநிலை எங்கிருந்து வருகிறது

இத்தகைய மென்பொருளில் வெப்பநிலை நேரடியாகத் தீர்க்கப்படும் கணியம் அன்று. சக்திச் சமன்பாடு வெப்பவுள்ளுறையையே தீர்க்கிறது. பின்னர் ஒவ்வொரு கலத்திலும், அந்த அமுக்கத்தில் அந்த வெப்பவுள்ளுறைக்கு உரிய வெப்பநிலை எது என்று மென்பொருள் நியூட்டன் முறையால், அதாவது ஓர் ஊகத்தைச் சரிவைக் கொண்டு திருத்தித் திருத்தி, தேடிக் கண்டுபிடிக்கிறது. தன்வெப்பக் கொள்ளளவு மாறிலியாக இருந்தால் இந்தத் தேடல் ஓர் அடியில் முடியும். மெய் வாயுவில் அப்படியன்று.

அவதி அமுக்கத்துக்கு மேல், ஒவ்வோர் அமுக்கத்திலும் தன்வெப்பக் கொள்ளளவு உச்சத்தை எட்டும் வெப்பநிலை ஒன்று உண்டு. அதைப் போலி அவதி வெப்பநிலை என்கிறோம். 8 மெகாபஸ்காலில் அது ஏறத்தாழ 34.7 பாகை, 9 இல் 40, 10 இல் 45. வன்னியின் கோடைக்கால வெளிவாயில் வெப்பநிலைகள் இந்த வீச்சுக்குள்ளேயே விழுகின்றன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். உச்சத்தின் உயரமும் அமுக்கத்துடன் கடுமையாக மாறுகிறது: 9 மெகாபஸ்காலில் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு ஒரு பாகைக்கு 12 கிலோஜூலைத் தாண்டுகிறது, 8 மெகாபஸ்காலில் 30 ஐயும் தாண்டுகிறது. கோப்பில் இருந்த 0.846 என்ற மாறிலியை இவற்றின் அருகே வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை. உச்சத்தைக் கடக்கும் இடத்தில் பாய்மம் ஏராளமான வெப்பத்தை இழந்தும் வெப்பநிலை அசைவதில்லை. சில பாகைகளுக்கு அப்பால் சிறிதளவு வெப்பமே வெப்பநிலையைச் சட்டென்று மாற்றுகிறது.

அட்டவணையை முதலில் அமுக்கத்துக்கும் வெப்பநிலைக்கும் எதிராக, ஐந்து பாகை இடைவெளியில் அமைத்துப் பார்த்தோம். 8 மெகாபஸ்கால் வரியில் 30, 35, 40 என்று புள்ளிகள் நின்றன. உச்சத்தின் அகலம் ஓரிரு பாகையே என்பதால், 35 இல் நின்ற ஒற்றைப் புள்ளி உச்சத்தின் சரிவிலிருந்து ஏதோ ஒரு பெறுமானத்தைப் பிடித்து அதை இருபுறமும் ஐந்தைந்து பாகைக்குப் பரப்பிவிட்டது. அத்துடன் வெப்பவுள்ளுறைக்கும் தன்வெப்பக் கொள்ளளவுக்கும் தனித்தனி அட்டவணைகள் இருந்ததால் அவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்கவில்லை. ஒன்றின் சரிவு மற்றதன் பெறுமானமாக இருக்க வேண்டும் என்ற உறவு புள்ளிகளுக்கு இடையே முறிந்தது. நியூட்டன் தேடல் ஒரு பக்கம் எகிறி மறுபக்கம் திரும்பி, இறுதியில் மீள்செய்கைகளின் உச்ச எண்ணிக்கை மீறப்பட்டது என்ற அறிவிப்புடன் நின்றது. ஓப்பன்ஃபோமில் மெய் வாயுவைக் கையாளும் எவரும் இந்த அறிவிப்பை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள். பலர் உடனே வலையமைப்பையே சந்தேகிக்கிறார்கள். வெப்பநிலைக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் இட்டு அறிவிப்பை மறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கணிப்பு ஓடும். ஆனால் வரம்பு இடப்பட்ட கலங்களில் சக்தி காப்பு முறிந்துவிடும்.

நாங்கள் கண்ட தீர்வு, அட்டவணையின் அச்சுகளையே மாற்றுவது. அமுக்கமும் வெப்பவுள்ளுறையும் உள்ளீடுகள். வெப்பநிலை, அடர்த்தி, பிசுக்குமை, வெப்பக் கடத்துதிறன் ஆகியவை வெளியீடுகள். வெப்பவுள்ளுறைக்கு எதிராக வெப்பநிலை எங்கும் மிருதுவாக, ஒருபோக்கில் உயர்வதால், முன்பு கூர்முனையாக நின்ற உச்சம் இங்கே தட்டையான படியாக மாறுகிறது. தேடலுக்கும் அவசியமில்லை, வாசித்தால் போதும். அமுக்கத்தின் திசையில் 7.5 முதல் 12 மெகாபஸ்கால் வரை எடுத்து, கீழ்ப்பகுதியில் வரிகளை நெருக்கமாகவும் மேற்பகுதியில் ஐதாகவும் வைத்தோம்.

தொடக்க நிலையைத் தெரிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 12 மெகாபஸ்காலில் உச்சம் தாழ்ந்து அகன்றிருப்பதால் அங்கே கணிப்பு எளிதில் ஒருங்கும். அந்த விடையைத் தொடக்கமாகக் கொண்டு 11, 10, 9 என்று இறங்கினால், நேரே 9 இல் தொடங்கும்போது வெடித்துச் சிதறும் அதே கணிப்பு அமைதியாக நடக்கிறது. பாய்ச்சலின் ஒழுங்கற்ற சுழிப்புக்கு, சுவர்வரை தீர்க்கும் கே–ஒமேகா வகைக் கணித மாதிரியைப் பயன்படுத்தினோம். சுவரோரப் பாய்ச்சலைத் தீர்க்காமல் சூத்திரத்தால் மதிப்பிடும், மாறா இயல்புகளை எடுகோளாகக் கொண்ட சுவர்ச் சார்புகள், சுவருக்கும் நடுவுக்கும் இடையே அடர்த்தி பன்மடங்கு மாறும் இந்தப் பாய்ச்சலுக்குப் பொருந்தமாட்டா.

அமுக்கத்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை அவசியம். அமுக்கியில் பொருத்தப்பட்டிருக்கும் மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலான அமுக்கம். நிலைச் சமன்பாட்டுக்குத் தேவையானது தனி அமுக்கம். மானியில் 89 பார் என்றால் அட்டவணையில் 90 பார், அதாவது 9 மெகாபஸ்கால். ஒரு பார் என்பது அற்பம் என்று தோன்றும். ஆனால் 40 பாகையில் 8 மெகாபஸ்காலில் அடர்த்தி 278 ஆகவும் 9 இல் ஏறத்தாழ 485 ஆகவும் இருக்கிறது. பத்துப் பாருக்கு இருநூறுக்கு மேல், ஆகவே ஒரு பாருக்கு இருபது கிலோகிராம். செயற்பாட்டு அமுக்கத்தைத் தனியே கேட்கும் மென்பொருள்களில், மாறா வளிமண்டல அமுக்கத்தை இருமுறை கூட்டிவிடுவதோ கூட்டாமலே விடுவதோ எளிதில் நேரக்கூடியது.

காற்றின் பக்கம்

குழாய்க்கு வெளியே ஓடும் காற்றுக்கு இலட்சிய வாயுச் சமன்பாட்டையே வைத்துக்கொண்டோம். வளிமண்டல அமுக்கத்தில் 35 பாகைக் காற்றின் அமுக்கப்படுதகவுக் காரணி ஒன்றிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குகூட விலகுவதில்லை. அங்கே மெய் வாயு மாதிரியைத் திணிப்பது கணினி நேரத்தை வீணாக்குவதாகும். காற்றின் பக்கத்தில் எம்மைக் கவலைப்படுத்தியது வேறு விடயம். முன்மொழியப்பட்ட வரைபடத்தில் வாயுக் குளிர்விப்பான் கட்டடத்தின் மேற்குச் சுவரோடு, மேற்கு நோக்கியே காற்றை ஊதுமாறு வைக்கப்பட்டிருந்தது. கச்சான் அந்தத் திசையிலிருந்தே வருகிறது. விசிறி வெளியேற்றிய சூடான காற்றைக் கச்சான் மீண்டும் சுவரோடு தள்ளி, அதே விசிறியின் உறிஞ்சு பக்கத்துக்குக் கொண்டுவருவதை உருவகப்படுத்தல் தெளிவாகக் காட்டியது. வெளிக்காற்று 35 பாகை என்றாலும் குழாயைத் தொடும் காற்று அதைவிடச் சில பாகை சூடாக இருந்தது. வேறு எந்தக் குளிரூட்டியிலும் இது திறன் சற்றே குறையும் விடயமாக இருந்திருக்கும். இங்கே அந்தச் சில பாகைகள் பாய்மத்தைப் போலி அவதிக் கோட்டின் மறுபுறத்திலேயே நிறுத்திவிடுகின்றன.

விடை

வெளிவாயிலில் 40 பாகை என்று கொண்டு, குளிரறையின் வெப்பத்தை உறிஞ்சும் ஆவியாக்கி மறை 10 பாகையில் இயங்குவதாக எடுத்தால், வால்வுக்கு முன்னுள்ள அமுக்கம் குளிர்ச்சியை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதை எளிதாகக் காணலாம். 8 மெகாபஸ்காலில் ஒரு கிலோகிராம் பாய்மம் குளிரறையிலிருந்து எடுக்கக்கூடிய வெப்பம் முப்பது கிலோஜூலைச் சற்றே தாண்டும். 10 மெகாபஸ்காலில் அது 120 ஐ அண்மிக்கிறது. ஏறத்தாழ நான்கு மடங்கு. அமுக்கியின் வேலை கூடுவதைக் கழித்த பின்னும் இது மிகப் பெரிய இலாபம். 10 இலிருந்து 12 க்கு உயர்த்தினால் கிடைக்கும் கூடுதலோ சிறியது. அமுக்கி உண்ணும் மின்சாரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெப்பவுள்ளுறை அமுக்கத்தைச் சாராது என்று கொண்ட பழைய கோப்பில் இந்த வேறுபாடு எதுவுமே தெரிந்திருக்க வழியில்லை. அதன் பரிந்துரையும் வருடம் முழுவதற்கும் ஒரே அமுக்கமாகவே இருந்தது.

ஒவ்வொரு விடையையும் ஏற்பதற்கு முன், பாய்மத்தின் திணிவுப் பாய்ச்சலை நுழைவாயில், வெளிவாயில் வெப்பவுள்ளுறை வேறுபாட்டால் பெருக்கி, சுவரினூடாகச் சென்ற மொத்த வெப்பத்துடன் ஒப்பிட்டோம். தன்வெப்பக் கொள்ளளவை வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கும் வழக்கமான சோதனையை இங்கே பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் எந்தத் தன்வெப்பக் கொள்ளளவு என்ற கேள்விக்கு விடை கிடையாது.

சங்கத்துக்கு நாங்கள் அளித்த பரிந்துரையில், வாயுக் குளிர்விப்பானின் குழாய் நீளத்தைக் குறைக்கக் கூடாது என்றும், அதைக் கட்டடத்தின் வடபுறத்துக்கு மாற்றி, கச்சானுக்குக் குறுக்காகக் காற்று வெளியேறுமாறு திருப்ப வேண்டும் என்றும், உயர் அமுக்கப் பக்கத்தை வெளிவாயில் வெப்பநிலைக்கு ஏற்பத் தானாகச் சரிசெய்யும் வால்வு பொருத்தப்பட வேண்டும் என்றும் எழுதினோம். கோடை நண்பகலில் அது 10 மெகாபஸ்காலை அண்டி நிற்கும். மாரி மழை தொடங்கி வெளிக்காற்று 28 பாகைக்குக் கீழ் இறங்கும் இரவுகளில் அவதி அமுக்கத்துக்குக் கீழேயும் இறங்கலாம், அப்போது பாய்மம் வழக்கம்போல ஒடுங்கித் திரவமாகும். வால்வுக்குச் சற்று முன்னால் குழாயின் வெளிச்சுவரில் வெப்பநிலையை அளக்கும் வெப்பவிணை ஒன்றையும், அதே இடத்தில் அமுக்க உணரி ஒன்றையும் பொருத்தி இரண்டையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்; இந்தப் பாய்மத்தில் வெப்பநிலையை மட்டும் வைத்து அதன் நிலையைச் சொல்ல முடியாது. உணரியின் வாசிப்புகளைச் சங்கத்தில் மின்னியல் பார்க்கும் இளைஞர் மாதந்தோறும் எமக்கு அனுப்புவார். அமுக்கத்துக்கும் வெப்பவுள்ளுறைக்கும் எதிராக அமைத்த அட்டவணைகளைத் தனி அமுக்கம் என்ற தலைப்பிட்டு அவருடைய கணினியிலும் வைத்திருக்கிறோம்.